சித்தானா எடுத்த படம்

சூடானின் உம்துர்மானில் சண்டை வருவதற்கு முன்னால் சித்தானாவுக்குக் கல்யாணப் பெண்களின் கைகள்தான் பிழைப்பு. பழைய சந்தைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு சின்ன அழகுநிலையம் இருந்தது. மருதாணி போட்டுவிடுவாள். அது காய்ந்து கருத்ததும் கழுவி எண்ணெய் தடவி, கைகளை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டச் சொல்லிப் போனில் படம் எடுப்பாள். மருதாணியில் அவளைவிடக் கெட்டிக்காரிகள் ஊரில் இருந்தார்கள். படத்தில் அவளுக்கு நிகராக யாரும் கிடையாது. எப்போது எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பெண் சிரிக்கும்போது எடுக்கமாட்டாள். சிரித்து முடித்து மூச்சு விடுவாளே, அப்போது எடுப்பாள்.

சண்டை தொடங்கிய முதல் வாரத்திலேயே அழகுநிலையம் எரிந்துபோனது. கணவன் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கெய்ரோவுக்குப் போய்விட்டான். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது என்று சித்தானா நின்றுவிட்டாள். அந்த மழைக்காலத்திலேயே அப்பா இறந்துபோனார். கிளம்பியிருக்கலாம். "வழி சரியில்ல" என்று கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். வழி சரியில்லாமல்தான் இருந்தது. ஆனாலும் அது மட்டுமே காரணமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்குள் கஞ்சித்தொட்டி தொடங்கியாகிவிட்டது.

பூட்டிக் கிடந்த ஒரு மழலையர் பள்ளியின் முற்றத்தில் தெருக்காரர்களே சேர்ந்து தொடங்கியது அது. சுவரில் யானையும் வாத்தும் வரைந்திருக்கும். யானையின் வயிற்றில் குண்டுச் சில்லு பாய்ந்த ஓட்டை. ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்த பஷ்ஷாரிதான் சமையல். தூண் மாதிரி ஆள், குரலும் அப்படித்தான். பருப்பு, மொச்சை, சோளக்களி, எது வந்து சேர்கிறதோ அது வேகும். விறகு கிடைக்காத நாட்களில் குழந்தைகள் உட்கார்ந்த பெஞ்சுகளையே உடைத்து எரித்தார்கள். காலையில் வரிசை தெருமுனை தாண்டி நிற்கும்.

எந்தப் பெரிய அமைப்பும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. தோஹாவிலும் ரியாதிலும் வேலை செய்கிற ஊர்க்காரர்கள் அனுப்பியதில்தான் அடுப்பு எரிந்தது. அதைத் திரட்டியவன் இஹாப். இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவன், இப்போது தோஹாவில் கணக்கர். டீக்கடைக்காரர் கூரையில் செயற்கைக்கோள் இணையத் தட்டு ஒன்று வைத்திருந்தார். அங்கே போய் உட்கார்ந்தால்தான் உலகத்தோடு பேசமுடியும். சித்தானா தினமும் அங்கே போய்ப் படங்களை அனுப்புவாள்.

"படம் இல்லாம இங்க யாரும் பாக்கெட்டுல கைய விடமாட்டேங்கறாங்க," என்பான் இஹாப். "நீ எடுக்கற படத்துக்குத்தான் மதிப்பு. நீதான் எங்க கண்ணு, சித்தானா."

அழகுநிலையத்தில் யாரும் அவளை அப்படியெல்லாம் சொன்னதில்லை. அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. கெய்ரோ போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

குளிர் தொடங்கியபோது ஒருநாள் வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். உடம்பைச் சுற்றித் தலைமேல் போடுகிற தோப் துணியை இழுத்து, கண் மட்டும் தெரிய முகத்தை மூடியிருந்தாள். ஆனாலும் பக்கத்தில் போனதும் சித்தானாவுக்குத் தெரிந்துவிட்டது. சந்தனமும் கிராம்பும் கஸ்தூரியும் ஊறிப்போன துணி அது. எத்தனை மாதம் ஆனாலும் அந்த வாசனை போகாது. பதூல்.

அந்தப் பகுதியில் கல்யாண வாசனைத் தைலம் காய்ச்சுகிறவள் பதூல். தெருவுக்கே சின்னம்மா மாதிரி. எல்லோரும் காலா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் போதும், கல்யாணச் சேதி காற்றிலேயே போய்விடும். சித்தானாவை ஒரு மாதம் உள்ளே உட்காரவைத்து வாசனைக் கட்டைப் புகை போட்டுக் கல்யாணப் பெண்ணாக்கியவளும் அவள்தான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. மாப்பிள்ளை வீட்டார் கஞ்சர்களாக இருந்தால், அவர்கள் காதுபடவே "கஸ்தூரி கேக்கறாங்க, குடுக்கறது கிராம்புக்குக்கூடக் காணாது" என்பாள்.

பஷ்ஷாரியும் பார்த்துவிட்டான். "காலா! கடைசில என்ன நிக்கறீங்க, முன்னாடி வாங்க!"

"கத்தாதடா. நான் ஒண்ணும் வாங்க வரல. உன் சமையல் நாத்தம் என் வீடு வரைக்கும் வருது, என்னத்த வேகவைக்கறேன்னு பாக்க வந்தேன்."

"பாத்திரத்தோடயா?"

"காலிப் பாத்திரத்த வீட்டுல வெச்சா எலி வருது."

வரிசையே சிரித்தது. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "அடப்பாவி, கல்யாணப் பொண்ணுக்குப் புகை போடற கட்டைய வெச்சுப் பருப்பு வேகவைக்கறியா? இந்தத் தெருவுல கிழவனுங்க எல்லாம் மாப்பிள்ளை மாதிரி மணக்கப் போறானுங்க." பாத்திரத்தை நீட்டினாள். அப்போது மட்டும் பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். ஒருநாள் சித்தானா போனை எடுத்ததைப் பார்த்ததும் பதூல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை எடுக்காத, பொண்ணே. ஜித்தால என் புள்ளை நாதிர் இருக்கான்ல. வேலையும் பாதிதான் இருக்கு, காகிதமும் சரியா இல்ல. அவன்கிட்ட தினமும் கறி சாப்பிடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். எனக்குப் பசின்னு தெரிஞ்சா அடுத்த கப்பல்ல ஏறிடுவான். வழி நெடுக துப்பாக்கியோட நிக்கறானுங்க. வாலிபப் பையன்."

"முகம் தெரியாது காலா. பின்னாடி நின்னுதான் எடுக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னாள்.

பிறகு தோஹாவிலிருந்து வருவது குறைந்தது. போருக்கும் ஜனங்கள் பழகிவிடுகிறார்கள். பக்கத்து வட்டாரத்தில் இரண்டு கஞ்சித்தொட்டிகள் மூடிவிட்டன. அங்கிருந்தவர்களும் இந்த வரிசைக்கே வந்தார்கள். மூட்டைகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. இஹாப் குரல் அனுப்பினான்: "பானை, அகப்பை, பானை, அகப்பை. இதையே எத்தனை தடவை காட்டறது? ஒரு மனுஷ முகம் அனுப்பு. இல்லேன்னா இந்த மாசத்தோட சரி."

சித்தானா பார்த்து வைத்திருந்தாள். பருப்பை ஊற்றியதும் பாத்திரம் கொதிக்கும். பதூல் அதை இரண்டு கையாலும் ஏந்தியாக வேண்டும். அப்போது முகத்தில் பிடித்திருக்கிற துணி நழுவும். அடுப்புக்கு மேல் போட்டிருந்த தகரம் பிய்ந்த இடத்தில் காலை வெளிச்சம் நேராக அங்கேதான் விழும். அடுத்த நாள் அந்த இடத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டாள். பின்னால் நிற்கவில்லை. துணி நழுவியது. ஆவிக்கு நடுவே பதூலின் முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டி, உதடு கொஞ்சம் திறந்து, கண் இரண்டும் பருப்பின் மேலேயே இருந்தன. பாத்திரம் கைக்கு வந்துவிட்ட அந்த நொடியின் ஆசுவாசம் அந்த முகத்தில் இருந்தது. சித்தானா எடுத்துவிட்டாள்.

விரல் தவறிப் பட்டுவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்து படத்தை வெட்டத்தான் நினைத்தாள். முகவாய்க்கு மேலே எடுத்துவிட்டு, பாத்திரமும் கைகளும் மட்டும் இருக்கும்படி வைத்துப் பார்த்தாள். செத்த படமாக இருந்தது. பழையபடி ஆக்கினாள். டீ ஆறிப்போயிற்று. மறுபடி வெட்டினாள், மறுபடி ஒட்டினாள். பிறகு முழுப் படத்தையும் அனுப்பிவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் படம் ஓடிய ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. சூடானியர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரே வாரத்தில் மூட்டைகள் வந்து இறங்கின. எண்ணெய் வந்தது, வெங்காயம் வந்தது, பேரீச்சம்பழம்கூட வந்தது. பஷ்ஷாரி இரண்டாவது அண்டாவை அடுப்பில் ஏற்றினான். இஹாப் அனுப்பிய குரலில் அழுகை இருந்தது: "சித்தானா, மீட்டிங்ல உன் படத்தைப் போட்டேன். பெரிய பெரிய ஆளுங்க எழுந்து நின்னுட்டாங்க." அதை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த ஒரு வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். பின்னாட்களில் அவளை அதிகம் குறுகவைத்தது படம் அல்ல, அந்தச் சந்தோஷம்தான்.

பதூலிடம் போன் கிடையாது. படம் வெளியே போன பிறகும் வழக்கம்போல வந்து, பஷ்ஷாரியைக் கிண்டல் செய்து, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள். சித்தானா அவளுக்கு ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றினாள். "என்னடி, தாராளம்?" என்றாள் பதூல். பிறகு ஒருநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு அஸ்வானிலிருந்து யாரோ படத்தை அனுப்பி, "இது உங்க தெரு பதூல்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

சித்தானா பாத்திரத்தில் பருப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் காலா. சித்தானா."

உள்ளேயிருந்து பதூலின் குரல் வந்தது.

"வீட்டுல யாரும் இல்ல."

பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பார்த்தபோது மூடி திறக்காமல் அப்படியே இருந்தது, சுற்றி எறும்பு. பஷ்ஷாரி ஒரு யோசனை செய்தான். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, பள்ளிவாசலில் கொடுத்தது என்று சொல்லச் சொன்னான். பதூல் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். "பள்ளிவாசல்காரங்களுக்கு உப்போட அளவு தெரியும். இது பஷ்ஷாரி" என்றாளாம். அவள் என்ன சாப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் பங்கில் கொஞ்சம் கொடுத்திருப்பாள்.

பிறகு ஒரு காலை, வரிசை நிறைந்திருக்கும்போது பதூல் வந்தாள். கையில் பாத்திரம் இல்லை. முகத்தை மூடவும் இல்லை. நேராக சித்தானாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நாதிர் கிளம்பிட்டான்," என்றாள். "கப்பல் ஏறறதுக்கு முன்னாடி பேசினான், டீக்கடைல, பக்கத்து வீட்டுக்காரி போன்ல. 'கறி சாப்பிடறேன்னு சொன்னியேம்மா'ன்னு கேட்டான். அழுதான். அவங்க அப்பா செத்தப்பகூட அவன் அழுது நான் கேட்டதில்ல."

பஷ்ஷாரிக்குப் பொறுக்கவில்லை. "காலா, கோவப்படாதீங்க. அந்தப் படத்தாலதான் இன்னிக்கு இத்தனை பேர் சாப்பிடறாங்க. அந்தப் பக்கம் பாருங்க, குழந்தைங்க..."

"வாய மூடு, பஷ்ஷாரி," என்றாள் சித்தானா.

பதூல் வரிசையைப் பார்த்தாள். வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கு அவள் வாசனை காய்ச்சியிருக்கிறாள். "சாப்பிடட்டும்," என்றாள். "நான் யாரையும் சாப்பிடாதேன்னு சொல்லல." திரும்பிப் போய்விட்டாள்.

நாதிர் போர்ட் சூடானில் இறங்கியது தெரிந்தது. அத்பரா தாண்டி பஸ்ஸில் வருகிறான் என்று தெரிந்தது. அதற்குமேல் சேதி இல்லை. சித்தானா தினமும் டீக்கடைக்குப் போய், பஸ்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் எழுதினாள். இஹாபையும் விசாரிக்கச் சொன்னாள். "அடுத்த படம் எங்க?" என்று அவன் கேட்டான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வாலிபர்களை இறக்கி வைத்திருப்பதாக ஒருத்தர் சொன்னார்; அவர்களில் ஜித்தாவிலிருந்து வந்த ஒருத்தனும் உண்டாம். உயிரோடு இருக்கிறானா என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டிலிருந்து கஞ்சித்தொட்டிக்குப் போக சித்தானாவுக்கு இரண்டு வழி. ஒன்று பதூலின் வாசலைத் தாண்டிப் போவது. இன்னொன்று ஆற்றுப் பக்கத்துத் தெரு; அக்கரையிலிருந்து எறிகிற குண்டுகள் அங்கேதான் விழும், யாரும் நடக்கமாட்டார்கள். அந்த வாரங்களில் சித்தானா ஆற்றுத் தெரு வழியாகவே போனாள். அவளைத் துணிச்சல்காரி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

வெயில் ஏறத் தொடங்கிய காலத்தில் நாதிர் வந்து சேர்ந்தான். முற்றத்துக்குள் ஒரு ஒல்லிப் பையன் வந்து, "சித்தானா அக்கா எங்க?" என்று கேட்டான். ஒரு பக்கத்துக் காதில் துணி கட்டியிருந்தது. அவளைக் கண்டதும் அகப்பை பிடித்த அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உங்களாலதான் எங்கம்மா உசிரோட இருக்காங்க. நீங்க அந்தப் படம் எடுக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஒருநாள் யாராவது போன் பண்ணி, போயிட்டாங்கன்னு மட்டும் சொல்லியிருப்பாங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஷ்ஷாரியின் முகம் மலர்ந்தது. அவனை உட்காரவைத்துத் தட்டு நிறையப் போட்டான். சாப்பிட்டுக்கொண்டே, கொஞ்சம் சிரித்துக்கொண்டே நாதிர் சொன்னான். சாவடியில் போனைப் பிடுங்கித் திறந்திருக்கிறார்கள். அந்தப் படம் இருந்தது. இது எந்த இடம், யாருக்காக வேவு பார்க்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்கம்மான்னு சொன்னேன். அதுல ஒருத்தன், என் வயசுதான் இருக்கும், 'ஜித்தால சம்பாதிக்கற புள்ளை இருக்கும்போது உங்கம்மா எதுக்குடா கஞ்சி வரிசைல நிக்கறா?'ன்னு கேட்டான். எனக்கு பதில் வரல. அப்புறம்தான் அடிச்சாங்க. இந்தக் காது அதோட போச்சு. அடி பரவால்ல அக்கா. அந்தக் கேள்விதான்..." அவன் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

சித்தானா அவன் எதிரில் உட்கார்ந்தாள். "நாதிர், ஒண்ணு சொல்லணும். உங்கம்மா என்னை எடுக்காதேன்னு சொன்னாங்க. நீ கிளம்பி வந்துடுவேன்னு சொன்னாங்க. முகம் தெரியாதுன்னு நான் சத்தியம் பண்ணினேன். துணி நழுவும்னு தெரிஞ்சே காத்திருந்து எடுத்தேன்."

கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பி முழுவதையும் கேட்டான். "அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க," என்றான். "நீங்க செஞ்சதுதான் சரி."

கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவைப் போர்ட் சூடானுக்குக் கூட்டிப்போக நாதிர் ஒரு லாரியில் இடம் பிடித்தான். கிளம்புகிற காலையில் சித்தானா ஆற்றுத் தெருவை விட்டு நேர்வழியில் வந்தாள். பதூல் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். வாசனைப் புட்டிகளை ஒரு சாக்கில் வைக்கோல் சுற்றிக் கட்டி மடியில் வைத்திருந்தாள்.

"காலா, என்னை மன்னிச்சுடுங்க."

"போன எடு," என்றாள் பதூல். "அந்தப் படத்தைக் காட்டு. நான் இன்னும் பார்க்கல."

சித்தானா காட்டினாள். பதூல் வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் எடுத்திருக்க," என்றாள். "அழி."

சித்தானா அழித்தாள்.

"உன்கிட்ட போச்சு. ஊர் உலகத்துகிட்ட?"

சித்தானா போனை அணைத்தாள்.

"எத்தனையோ பொண்ணுங்களைக் கூடத்துல கொண்டாந்து உட்காரவெச்சு, ஊரே வாயப் பொளந்து பாக்கற மாதிரி பண்ணினவ நான். இனிமே பதூல்னா அந்தப் பருப்புப் பாத்திரம்தான் ஞாபகம் வரும். என் புள்ளை உனக்கு நன்றி சொன்னான். அத வெச்சுக்க. என்கிட்ட ஒண்ணும் கேக்காத." டிரைவர் ஹாரன் அடித்தான். நாதிர் அம்மாவைத் தூக்கி ஏற்றினான். லாரி போகும்போது அவன் கையசைத்தான். அவள் புட்டிகள் உடையாமல் இருக்கச் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சித்தானா முகங்களை எடுக்கவில்லை. பானையும் அகப்பையும்தான் அனுப்பினாள். இஹாப் முதலில் கெஞ்சினான், பிறகு கோபித்துக்கொண்டான், பிறகு அவன் குரல் வருவதே குறைந்தது. இரண்டாவது அண்டா இறங்கியது. பருப்பில் தண்ணீர் ஏறியது. வரிசையின் பின்பாதி பல நாட்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பியது. அவர்கள் திரும்பிப் போவதையும் சித்தானா நின்று பார்க்க வேண்டியிருந்தது. "உன் ரோஷத்தை இவங்க தட்டுல போடமுடியுமா?" என்று பஷ்ஷாரி ஒருநாள் கேட்டுவிட்டான். கேட்டுவிட்டு வருத்தப்பட்டான்.

இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். தெற்கிலிருந்து நடந்து வந்தவள், தெருவுக்குப் புதியவள். "படம் எடுத்தா சாமான் வரும்னு சொல்றாங்களே. என்னை எடு. இவனையும் எடு."

"உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது பாப்பாங்க," என்றாள் சித்தானா.

"தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்கத் தெம்பு இல்ல, அக்கா. வெயில் ஏறுது. எடு."

சித்தானா எடுத்தாள். காத்திருக்கவில்லை, வெளிச்சம் பார்க்கவில்லை. அந்தப் பெண் நேராக நின்று கேமராவைப் பார்க்க, அப்படியே எடுத்தாள். நல்ல படம் என்று சொல்லமுடியாது. ஆனாலும் கொஞ்சம் சாமான் வந்தது. அடுத்த சில வாரங்கள் பருப்பு கெட்டியாக இருந்தது. அந்தப் பெண் தன் பங்கை வாங்கும்போது சித்தானாவைப் பார்த்துச் சிரித்தாள். சித்தானாவால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.

கெய்ரோவிலிருந்து கணவன் குழந்தைகளின் குரலை அனுப்புவான். "எப்பம்மா வருவே?" என்று கேட்பார்கள். அவளும் "சீக்கிரம்" என்று அனுப்புவாள்.

ரமலான் முடிந்து ஒருநாள், டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நாதிரிடமிருந்து ஒரு குரல் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்திருக்கிறது, அம்மா தேறியிருக்கிறாள், அங்கே தஞ்சம் வந்தவர்களிடையே ஒரு கல்யாணம், அம்மாதான் வாசனை காய்ச்சுகிறாள், தெருவே மணக்கிறது, உங்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன் அக்கா என்று சொல்லிக்கொண்டே வந்தான். பின்னால் பாத்திரங்களின் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. நடுவில் பதூலின் குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து:

"யாருகூடடா பேசறே?"

நாதிரின் குரல் தணிந்தது.

"யாருமில்லம்மா," என்றான். அதோடு குரல் முடிந்துவிட்டது.

சித்தானா டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாளைக்கு மொச்சை ஊறப்போட வேண்டியிருந்தது.